கொம்பையா கழற்றிவிட்டுப் போன சட்டை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் கொம்பையா. அவனுக்குப் பிறகு காற்று செய்தது, காற்றுக்குப் பிறகு கண்ணில் மண் விழுந்த நடுவர் செய்தார், நடுவருக்குப் பிறகு ஊர் செய்தது, கடைசியாகப் பெங்களூரிலிருந்து வந்த எட்டுக் கேமராக்கள் செய்தன. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த வரிசையில் முதல் ஆள் கொம்பையாதான், என் பெண்டாட்டி ராசபுஷ்பத்தின் கூடப்பிறந்த அண்ணன், என் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன், இன்று வரைக்கும் எனக்கு ஒரு சொல் பாக்கி வைத்திருக்கிற கடன்காரன்.

எங்கள் ஊர் சங்கன்விளை, செம்மண் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. ஆடி மாதம் காற்று பிடித்துவிட்டால் மேடு இருந்த இடம் பள்ளமாகும், பள்ளம் இருந்த இடம் மேடாகும், சோற்றிலும் மணல், கட்டிலிலும் மணல், பேசுவதற்கு வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னால் மணல் உள்ளே போகும். அப்படி ஓர் ஆடியில்தான், எனக்கும் கொம்பையாவுக்கும் மீசை கறுப்பாக இருந்த காலத்தில், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கபடிப் போட்டி நடந்தது. எங்கள் கீழத்தெருவில் எல்லோரும் வெளியே போய் நான் ஒருத்தன் மிச்சம். மேலத்தெருவிலிருந்து கொம்பையா கபடி கபடி என்று பாடி வந்தான். அதுதான் கடைசிப் பாட்டு. என்னைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினால் கோப்பை அவர்களுக்கு, தொடாமல் திரும்பினால் எங்களுக்கு. அவன் குனிந்து இரண்டு விரலை என் குதிகாலுக்கு நீட்டினான், நான் காலைத் தூக்கினேன். அவன் விரலுக்கும் என் குதிகாலுக்கும் நடுவில், தலையில் அரிசி சுமந்த ஓர் எறும்பு நிமிர்ந்து நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. தொட்டால் தெரியாதா ஒரு மனுஷனுக்கு?

நடுவர் வெளியூர்க்காரர். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து அவர் கண்ணில் மணலைப் போட்டது. அவர் கசக்கிக்கொண்டே, "தொட்டியாடே?" என்று கொம்பையாவிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. கொம்பையா இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி, "தொட்டேன் சார்" என்றான். விசில் ஊதிவிட்டார்.

அந்த ஒரு சொல்லால் அவன் மாவட்ட அணிக்குப் போனான், அங்கிருந்து துறைமுக அணிக்குப் போனான், அங்கேயே வேலையில் உட்கார்ந்து, தொப்பை வைத்து, ஓய்வு பெற்று, மைதானத்துக்கு எதிரிலேயே மாடி வீடு கட்டிக்கொண்டான். எனக்குக் கிடைத்தது முருங்கைத் தோட்டமும் ஒரு பட்டப்பெயரும். ஊரில் சுயம்புலிங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, குதிகால் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். என் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது 'குதிகால் சுயம்புலிங்கம்' என்று போட்டிருந்தது, அச்சகத்துக்காரன் அதைக் குலப்பெயர் என்று நினைத்துவிட்டான்.

நான் கொம்பையாவிடம் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை, கோப்பையைக் கேட்கவில்லை. தொடலை என்று ஒரு சொல், அவ்வளவுதான். அதைத் தவிர எல்லாம் தருவான். பொங்கலுக்குக் கரும்பு தருவான், எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்துவான், விசேஷ வீட்டில் என் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டிப் பாயசம் ஊற்றுவான். கோபமே வராது அவனுக்கு. "மச்சான், அதை இன்னுமா வச்சிருக்கிய?" என்று சிரிப்பான். கோபப்படாத எதிரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

இப்படி இருக்கும்போதுதான் கேமராக்காரர்கள் வந்தார்கள். கபடியில் தொட்டதா தொடாததா என்ற தகராறை ஒழிப்பதற்குப் புதுசாக ஒரு கண் கண்டுபிடித்திருக்கிறார்களாம், அதை எங்கள் மைதானத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். புரட்டாசியில் நடக்கும் போட்டி வரைக்கும் மைதானத்தைச் சுற்றிக் கம்பம் நட்டு எட்டுக் கேமரா வைப்பதற்கு ஊர்க்கூட்டம் கூடியது. பெனிட்டா என்று ஒரு பிள்ளை, தூத்துக்குடிக்காரி, பெங்களூரில் வேலை, எழுந்து நின்று விளக்கம் சொன்னாள். அந்தக் கண்ணுக்குள்ளே சென்சார் என்று ஒரு சில்லு இருக்கிறது, சில்லுக்குள்ளே அரிசி மாவைவிடப் பொடியாக லட்சக்கணக்கான கண்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பொடிக் கண்ணும் வெளிச்சம் போய் ஆள்மேல் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை அளக்கிறது, அதை வைத்து மூக்கு எவ்வளவு தூரம் முன்னால், காது எவ்வளவு தூரம் பின்னால் என்று மேடு பள்ளத்தோடு முழு ஆளையும் எடுத்துவிடுகிறது, நாம் ஒரு தடவை இமைப்பதற்குள் பல்லாயிரம் தடவை எடுத்துவிடுகிறது.

"அத்தனையும் வச்சிக்கிட மாட்டோம் தாத்தா, இடம் பத்தாது" என்றாள். "எங்க சந்தேகம் இருக்கோ அதை மட்டும் எடுத்து வைக்கும், மத்ததை விட்டுரும்."

"எடுத்து எங்கம்மா வைப்பிய?" என்று கேட்டேன்.

"சர்வர்ல."

"எந்த ஓட்டல் சர்வர்?" என்று கொம்பையா கேட்க, கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சர்வர் என்பது பெங்களூரில் இருக்கிற பெரிய பெட்டி என்று அவள் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். "இந்தத் தேரியில மணல் எடுத்தான், மணலுக்குள்ள இருந்த தாதுவை எடுத்தான், தாதுவுக்கு அடியில இருந்த தண்ணியை எடுத்தான். எடுத்தவன் எவனாவது திருப்பி வச்சானா? இப்ப ஆளையே எடுக்க வந்திருக்கிய. எடுங்க. ஆனா ஊர்ல எடுத்தது ஊர்லதான் கிடக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். கொம்பையாதான் பலமாகத் தட்டினான், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கள் ஊரில் வாக்குக் கொடுப்பது என்றால் சூடம் அணைத்துத்தான் கொடுக்க வேண்டும். சுடலைமாடன் பீடத்தில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் அந்தச் சொல் மண்ணோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் வாத்தியாரும் மாற்ற முடியாது வக்கீலும் மாற்ற முடியாது. பெனிட்டா வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிறவள், பாவம், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று, "எடுத்ததெல்லாம் இங்கயே இருக்கும்" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தாள். கபடிக் கிளப் அறையில் ஒரு பெட்டி வைத்துவிடலாம் என்பது அவள் நினைப்பு. சூடத்துக்குப் பெட்டியெல்லாம் தெரியுமா?

கேமராவுக்கு மின்சாரம் கொடுத்த மறுநாள் காலை, தெரு பிரிகிற முக்குரோட்டில் எங்கள் தெரு வெள்ளத்தாய் குடத்தோடு நின்றாள். தங்கச்சி வீட்டுப் பக்கமாக ஒரு காலும் தன் வீட்டுப் பக்கமாக ஒரு காலும் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். பால்காரன் மணி அடித்தும் விலகவில்லை. என்னடா என்று தொட்டுப் பார்த்தால் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் வெள்ளத்தாய் வழியாக மங்கலாகத் தெரிந்தது. நிஜமான வெள்ளத்தாய் வீட்டிலிருந்து தோசைக்கரண்டியோடு வந்து, தன்னைத் தானே சுற்றிவந்து பார்த்து, "பின்கொசுவம் இப்படியா தொங்குது?" என்று அதைத்தான் முதலில் கேட்டாள். அப்புறம், "இதுல என்ன அதிசயம்? பாம்பு படம் எடுக்கு, சட்டை கழற்றுது. நம்மளைப் படம் எடுத்தான், சட்டை கழண்டுட்டு" என்றாள்.

அன்றிலிருந்து அதற்குச் சட்டை என்று பெயர் வந்துவிட்டது. எங்கே ஒருத்தருக்குச் சந்தேகம் வருகிறதோ அங்கே ஒரு சட்டை நின்றது. மைதானத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை, கேமராவின் கண் எட்டுகிற சாலையெல்லாம், பஸ் நிறுத்தமெல்லாம், கோயில் வாசலெல்லாம் நின்றது. மதுக்கடைக்குப் போகும் கிளைப்பாதையில், போகலாமா வேண்டாமா என்று தயங்கியவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ரேஷன் வரிசை மாதிரி நின்றார்கள். மாடன் கோயில் பூசாரியின் சட்டை தீபத் தட்டோடு, பீடத்தைப் பார்த்து, இந்தக் கல்லுக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போல ஒரு முகத்தோடு நின்றது; இரண்டு நாள் ஊர் முகம் சுளித்தது, மூன்றாம் நாள், சாமி கும்பிடுகிறவனுக்குத்தான் சந்தேகம் வரும், கும்பிடாதவனுக்கு எதற்கு வரும் என்று சொல்லிச் சட்டையின் நெற்றியிலும் விபூதி பூசிவிட்டார்கள். காற்று சட்டைகளை ஒன்றும் செய்யவில்லை, வெயில் ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் பட்டால் மட்டும் அப்பளம் நனைந்த மாதிரி குழைந்து உட்கார்ந்துவிடும். அதனால் பெண்கள் காலையில் வாசல் தெளிக்கும்போது முதலில் வீட்டுக்காரனின் சட்டை எங்காவது நிற்கிறதா என்று பார்த்துத் துவைத்துவிட்டுத்தான் கோலம் போட்டார்கள். ஆம்பிளைகள் பாட்டிலில் தண்ணீர் இல்லாமல் வெளியே போவதில்லை. அவரவர் சட்டையை அவரவர்தான் துவைக்க வேண்டும், அவசரமென்றால் பெண்டாட்டி துவைக்கலாம், அடுத்தவர் சட்டையில் கைவைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் சட்டம் போட்டது. மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பையனைப் பார்க்கவில்லை, சாதகம் பார்க்கவில்லை, பையனின் சட்டை எங்கெங்கே நிற்கிறது என்று தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் பஸ் ஏறினார்கள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. எடுத்தால் குறையத்தானே செய்யும்? சட்டை கழன்ற நேரம் அந்த ஆளிடம் இருக்காது. அந்தச் சந்தேகமும் இருக்காது, சந்தேகப்பட்டோம் என்ற ஞாபகமும் இருக்காது. வெள்ளத்தாய் தங்கச்சி வீட்டுக்குப் போகவா வேண்டாமா என்று ஆறு மாதமாகக் குழம்பியவள், சட்டை கழன்ற அன்றைக்கே விறுவிறுவென்று போய்ச் சண்டை போட்டுவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். விஷயம் பரவியதும் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள். நிலத்தை விற்கவா, மருமகளைத் தனியே வைக்கவா, ஆபரேஷன் செய்யவா என்று மனதில் வைத்துக் கேமராவுக்கு முன்னால் நின்றுவிட்டு, சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, குளித்த மாதிரி முகத்தோடு திரும்பிப் போனார்கள். ஊரில் சந்தேகமே இல்லாத ஜனமாகப் பெருகிவிட்டது. சந்தேகமே இல்லாத ஜனத்தோடு குடியிருப்பதைப்போல அவஸ்தை வேறு கிடையாது, முருங்கைக்காய் விலையில்கூட ஒருத்தனும் இறங்கி வரவில்லை.

பெனிட்டா கம்பத்துக்கும் கம்பத்துக்குமாக ஏறி இறங்கி, வயரைப் பிடுங்கிப் பார்த்து, பெங்களூருக்குப் போன் போட்டு அழுதாள். அவர்கள் நம்பவில்லை. மழை வந்தால் தானாகப் போய்விடும் என்று ஊர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னது.

எனக்குச் சந்தேகம் என்ற வியாதி கிடையாது, அதனால் எனக்குச் சட்டை விழாது என்று இருந்தேன். ஒருநாள் ராசபுஷ்பம் கடைக்குப் போய்விட்டு வந்து, வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, கொஞ்சம் எங்கண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் வாங்களேன்."

போய்ப் பார்த்தால் கொம்பையா வீட்டுக் கேட்டுக்கு முன்னால் ஒருவன், கொண்டியைத் திறக்கக் கையைத் தூக்கி, கை கொண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவனோ" என்றேன்.

"எவனோ உங்க மூக்கை வாங்கி மாட்டிக்கிட்டு, உங்க சாரத்தை உடுத்திக்கிட்டு, வலதுகால் குதியைத் தூக்கிக்கிட்டு நிக்கான்."

"உள்ள போயி அவனை நாலு வார்த்தை கேட்டுரலாம்னு நின்னிருப்பேன்."

"கேக்கப் போறவன் மூஞ்சியா இது? விருந்துக்குக் கூப்பிட மாட்டாகளான்னு நிக்கிற மூஞ்சி."

எனக்கு அப்படி நின்ற ஞாபகம் கிடையாது. ஞாபகம் இல்லாததற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஒரு குடம் தண்ணீரை அப்படியே அதன் தலையில் ஊற்றிவிட்டு வந்தேன். அதற்குள் பாதி ஊர் பார்த்துவிட்டது. கொம்பையா மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான், அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஆனால் மாடன் என்னைக் கைவிடவில்லை. அடுத்த வாரம் மைதானத்துக்குக் கோடு போடப் போனவர்கள் கூச்சல் போட, ஓடிப்போய்ப் பார்த்தால், நடுக்கோட்டின் மேல் கொம்பையாவின் சட்டை நின்றது. தொப்பையோடு, துண்டோடு, தனியாக நின்று, வலதுகையின் இரண்டு விரலைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் காட்டுவதற்காகத் தூக்கிய விரல் இல்லை அது. கடையில் வாங்கிய பொருள் சரிதானா என்று வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தது.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் நெஞ்சு குளிர்ந்தது தெரியுமா? "பாருங்கய்யா, பாருங்க! தொட்ட விரலை எவனாவது இப்படிப் பார்ப்பானா?" என்று தெருத்தெருவாகப் போய் ஆள் கூட்டினேன்.

கொம்பையா ஒரு செம்பில் தண்ணீரோடு சாவகாசமாக வந்தான். நான் குறுக்கே நின்றேன். "ஊத்தாத வே!"

"என் சட்டை. நான் துவைக்கேன். உமக்கு என்ன மச்சான்?"

"அந்த விரல்ல என்ன பார்த்த? அதைச் சொல்லிட்டு ஊத்து."

"ஞாபகம் இல்லையே. அதான் கழண்டுட்டே."

"கழண்டா போச்சா? ஊரே பார்க்குதுவே!"

உண்மையாகவே ஊர் பார்த்தது. மேலத்தெருக்காரர்களே பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராசபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லித் தொலை. இந்த மனுசன் தூக்கத்துல எல்லாம் காலைத் தூக்குதாரு. கட்டில்ல பக்கத்துல படுக்க முடியலை. என்னத்தையாவது சொல்லு, உள்ளதைச் சொல்லு, முடிச்சு விடுங்க."

கொம்பையா செம்பைக் கீழே வைத்தான். அவன் சிரிப்பு போயிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி தங்கச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கோட்டுல நின்னு, சூடம் அணைச்சுட்டு, எல்லார் முன்னாலயும் உள்ளதைச் சொல்லுதேன். ஆனா ஒரு தடவைதான் சொல்லுவேன். அதுக்கப்புறம் எங்கிட்ட இதை எவனும் கேக்கப்படாது. அதுக்கும் மச்சான் சூடம் அணைக்கணும்."

நான் ஓடிப்போய் அணைத்தேன். கை சுட்டதுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க மைதானத்தில் இருந்தது. மரத்தில் ஆள், மதிலில் ஆள், ஆளுக்கு நடுவில் துவைக்காத சட்டைகள், எது ஆள் எது சட்டை என்று கையை வைத்துப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டி, முகம் மழித்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். பெனிட்டா பக்கத்தில் வந்து, "தாத்தா, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேமராவை அணைச்சுடவா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஓடட்டும். நாளைக்குச் சொல்லலைன்னு சாதிச்சான்னா ஆதாரம் வேணும்லா?"

அவள் கேட்காமலே அணைத்திருக்கலாம். படித்த பிள்ளைதானே? அதையும் நான் அவள் பேரில்தான் வைத்திருக்கிறேன்.

கொம்பையா வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நடுக்கோட்டில் விரல் பார்த்த சட்டைக்குப் பக்கத்தில் நின்றான். சூடத்தை அணைத்தான், புகை அவன் முகத்துக்கு நேராக ஒரு நூல் மாதிரி ஏறியது. என்னைப் பார்த்தான். கூட்டம் மூச்சைப் பிடித்தது, காற்றுகூட நின்றது, அன்றைக்கு நிற்காத காற்று. அவன் வாயைத் திறந்தான்.

அப்புறம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்ததற்கும் துண்டால் துடைத்ததற்கும் நடுவில் ஒன்றுமில்லை. அவனுக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு உதட்டையும் குவித்து, புருவத்தைத் தூக்கி, அவன் சட்டை நின்றது.

"என்னவே, சொல்லு!" என்றேன்.

"சொல்லிட்டேனே" என்றான்.

"எங்க சொன்ன? எவன் காதுல விழுந்துச்சு?"

"மச்சான், மாடன் அறியச் சொல்லிட்டேன். நெஞ்சுல இருந்த பாரம் இறங்கினது எனக்குத் தெரியுதே."

"சரி, என்ன சொன்ன? தொட்டேன்னு சொன்னியா, தொடலைன்னு சொன்னியா?"

அவன் யோசித்தான். நாசமாய்ப் போகிறவன், உண்மையாகவே யோசித்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டு, "சொன்னேங்கிறது தெரியுது, என்ன சொன்னேங்கிறது தெரியலை. அது கழண்டுட்டு போல" என்றான்.

நான் பெனிட்டாவைப் பிடித்தேன். "இமைக்கிறதுக்குள்ள பல்லாயிரம் எடுக்கும்னியே பிள்ளே, அப்ப ஒரு சட்டைங்கிறது ஒரு தூசி நேரம்தானே? ஒரு முழுச் சொல்லு எப்படிம்மா அதுல போகும்?"

"சந்தேகம் எவ்வளவு நீளமோ அவ்வளவையும் எடுத்துரும் தாத்தா" என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். "சொல் முழுக்கச் சந்தேகமா இருந்தா சொல்லை முழுக்க எடுத்துரும், கேட்டவங்க காதுல இருந்தும்."

"இன்னொரு தடவை சொல்லு வே!" என்று கத்தினேன்.

"ஒரு தடவைதான்னு சூடம் அணைச்சிருக்கோம்லா மச்சான்? நீரும் அணைச்சிருக்கீரே. கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கடன் அடைத்தவன் நடையில் வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்கு இன்னும் மண்டை காய்கிறது. பள்ளிக்கூடத்துத் தமிழய்யா கண்ணாடியும் டார்ச்சும் கொண்டுவந்து சட்டையின் வாயை ஆராய்ந்து, உதட்டுக் குவிப்பைப் பார்த்தால் இது 'தொ' என்ற எழுத்துத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். "தொட்டேனுக்கா தொடலைக்காய்யா?" என்றேன். "ரெண்டுக்கும் முதல் எழுத்து 'தொ'தானே? அடுத்த எழுத்துக்கு நாக்கு மேல மடங்கணும், ஆனா வாய்க்குள்ள வெளிச்சம் போகலை, நாக்கு விழலை. விழுந்திருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே மடக்குத்தான்" என்றார். தமிழைப் படைத்தவன் இப்படி இரண்டையும் ஒரே வாசல் வைத்தா கட்டியிருக்க வேண்டும்? மேலத்தெரு முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று தொட்டேன் தொட்டேன் என்றது, கீழத்தெரு முழுக்கத் தொடலை தொடலை என்றது, நான்கு நாள் ஊரில் வேறு சத்தமே இல்லை. ராசபுஷ்பம் மட்டும், "எங்கண்ணன் 'தொலை'ன்னு சொல்லியிருப்பான், எனக்கு அப்படித்தான் தோணுது" என்றாள்.

போட்டி முடிந்து கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போகிற அன்றைக்குப் பெனிட்டா என் தோட்டத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். "தாத்தா, தப்பா நினைக்காதீங்க. 'தொட்டேனான்னு எனக்கே தெரியலை'ன்னுகூட அவங்க சொல்லியிருக்கலாம்லா? அதுவும் 'தொ'தானே?"

"அதெப்படிம்மா தெரியாம இருக்கும்? விரலு அவன் விரலுதானே?"

அவள் சுடலைமாடன் பீடம் இருந்த திசையைப் பார்த்து, வேதக்காரப் பிள்ளை, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஐப்பசி பிறந்தது. முதல் தூறலிலேயே வெள்ளத்தாயின் குடம் கரைந்தது, பூசாரியின் தட்டு கரைந்தது, கொம்பையாவின் முதல் சட்டை தூக்கி வைத்திருந்த இரண்டு விரல் கரைந்தது, மதுக்கடை வரிசை கடைசி ஆளிலிருந்து முதல் ஆள் வரைக்கும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கரைந்தது. வெளியூர்க்காரர்கள் விட்டுவிட்டுப் போன நிலம், மருமகள், ஆபரேஷன் எல்லாம் குழைந்து தேரி மணலோடு சேர்ந்தது. சந்தேகம் கரைந்த தண்ணீர் கிணற்றுக்குள் போனதோ என்னமோ, ஜனங்கள் மறுபடியும் பழையபடி இரண்டு கடை ஏறி இறங்கி விலை கேட்க ஆரம்பித்தார்கள். ஊர் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஊருக்கென்ன, ஊருக்கா குதிகால் என்று பெயர்?

நான் மட்டும் மைதானத்தில் இருக்கிறேன். நடுக்கோட்டில் நான்கு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, தார்ப்பாய் ஒழுகுகிற இடத்தில் குடை பிடித்துக்கொண்டு, அந்த உதட்டில் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கீழேயிருந்து ஊறி அதன் கால் கரைந்துவிட்டது, தொப்பை போய்விட்டது, நெஞ்சுக்கு மேலேதான் மிச்சம். அதைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். ராசபுஷ்பம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "கட்டின பெண்டாட்டிக்கு ஒருநாள் குடை பிடிச்சிருப்பியளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நேற்றைய பெரிய மழையில் கொம்பையாவே வந்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தோடு நின்றான். அவன் முகம் நனைந்திருந்தது, சட்டையின் முகம் நனையவில்லை, ஒன்று கிழடாக இருந்தது, மற்றதும் கிழடாகத்தான் இருந்தது.

"மச்சான், சளி பிடிக்கும். வீட்டுக்கு வாரும். தங்கச்சி அழுதுட்டு இருக்கா."

"சொல்லு. வாரேன்."

"கேக்கப்படாதுன்னு சூடம் அணைச்சிருக்கு."

"நான் கேக்கலைவே. நீயா சொல்லு."

மழை தார்ப்பாயில் கொட்டியது. அவன் வலதுகையைப் பார்த்தேன், இரண்டு விரலும் கட்டைவிரலோடு சேர்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தன, ஒட்டிக்கொண்ட மணலைத் தேய்ப்பது மாதிரி. வாயைத் திறந்தான். உதடு குவிந்தது. பக்கத்தில் இருந்த சட்டையின் உதடும் அவன் உதடும் ஒரே மாதிரி குவிந்து இருந்ததைப் பார்த்தேன், குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இப்போது கேமராவும் இல்லை, கம்பமும் இல்லை, எடுக்கிறதற்கு யாரும் இல்லை.

"தொ..." என்றான்.

தொண்டையில் மழைத்தண்ணீர் போய்விட்டதோ, வேண்டுமென்றே செய்தானோ, இருமினான். இருமிக்கொண்டே சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவன் வீட்டைப் பார்த்துப் போய்விட்டான். கேட்டைச் சாத்தவில்லை. திறந்தே போட்டிருக்கிறான்.

போட்டுக்கொள்ளட்டும். நான் இந்த இடத்தை விட்டு அசைவதாக இல்லை. 'தொ' வந்துவிட்டது. மீதி இன்னும் பாக்கி இருக்கிறது.